பொசஷன் ரிசீவரை ஃபேன்டஸியில் எப்படி எடை போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேன்டஸி என்றால் நிஜ என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டக்காரர்களை வைத்து நாமே ஓர் அணி அமைத்து, அவர்களின் நிஜ ஆட்டத்துக்குப் புள்ளி எடுக்கும் போட்டி. ஆகஸ்ட் பிறந்து, ஆட்களை ரவுண்டு ரவுண்டாக எடுக்கும் டிராஃப்ட் நெருங்கினால் ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அமெரிக்காவுக்கு வந்தபின் ஆபீஸ் லீகில் சேர்ந்து என்.எஃப்.எல். பார்க்கப் பழகியவர்களும் கேட்கிறார்கள், பல வருடம் ஆடியவர்களும் கேட்கிறார்கள். அதிகம் வரும் சந்தேகம் பொசஷன் ரிசீவரைப் பற்றியது. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கீழே வரும் புள்ளிக் கணக்குகள் எல்லாம் கேட்ச், ரிசீவிங் யார்டு (பிடித்து முன்னேறிய தூரம்), ரிசீவிங் டச்டவுன் (பிடித்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) மூன்றை மட்டும் வைத்துப் போட்டவை.

பொசஷன் ரிசீவர்னா யாரு? எல்லா ரிசீவரும் பந்தைப் பிடிக்கிறவங்கதானே?

பிடிப்பது எல்லாரும்தான். எங்கே பிடிக்கிறார், எதற்காக அவரிடம் எறிகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். தேர்ட் டவுனில், அதாவது 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவதில், இன்னும் ஆறு யார்டு வேண்டும், டிஃபென்ஸ் பாய்ந்து வருகிறது, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டு நொடிதான் அவகாசம். அப்போது அவர் கண் யாரைத் தேடுகிறதோ அவர்தான் பொசஷன் ரிசீவர். பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி நிற்பார். ஸ்லாண்ட், கர்ல் போன்ற குறுகிய ரூட்களை ஓடுவார். நெரிசலுக்கு நடுவே பிடிப்பார், அடி வாங்குவார், பந்தை விடமாட்டார்.

வெஸ் வெல்கர், ஜார்விஸ் லாண்ட்ரி, கீனன் ஆலன், பிற்கால லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் எல்லாம் இந்த வகை. ஐம்பது யார்டு ஓடி டிஃபென்ஸை முந்திப் பிடிக்கும் டிஷான் ஜாக்சன் போன்றவர்கள் எதிர் வகை.

கிரிக்கெட்ல சிங்கிள் சிங்கிளா தட்டி ஓடுறவர் மாதிரின்னு புரிஞ்சுக்கலாமா?

பாதி வரை சரி. ஆனால் கிரிக்கெட்டில் சிங்கிளுக்கு எங்கே போனாலும் ஒரு ரன்தான். ஃபேன்டஸியில் அந்த சிங்கிளின் விலையை உங்கள் லீகின் விதி தீர்மானிக்கிறது. ஒரு லீகில் அதற்கு முழு மதிப்பு, இன்னொன்றில் பாதி, வேறொன்றில் ஒன்றுமே இல்லை. பொசஷன் ரிசீவரைப் பற்றி எதையும் முடிவு செய்யுமுன் லீகின் ஸ்கோரிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது அதனால்தான்.

ஸ்டாண்டர்ட், ஹாஃப் பி.பி.ஆர்., ஃபுல் பி.பி.ஆர்.னு சொல்றாங்களே, அதுல அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

பி.பி.ஆர். என்றால் பாயிண்ட் பெர் ரிசெப்ஷன், அதாவது கேட்சுக்குப் புள்ளி. மூன்றிலும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6 புள்ளி. ஃபுல் பி.பி.ஆரில் ஒவ்வொரு கேட்சுக்கும் கூடுதலாக 1 புள்ளி, ஹாஃபில் 0.5, ஸ்டாண்டர்டில் பூஜ்யம். படிக்கும்போது சின்ன மாற்றமாகத் தெரியும். சீசன் முழுக்கக் கூட்டிப் பார்த்தால்தான் உறைக்கும்.

இரண்டு சீசன்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 2014இல் வாஷிங்டனுக்கு ஆடிய டிஷான் ஜாக்சன் 56 கேட்ச், 1,169 யார்டு, 6 டச்டவுன். 2015இல் மயாமி டால்ஃபின்ஸுக்கு ஆடிய ஜார்விஸ் லாண்ட்ரி 110 கேட்ச், 1,157 யார்டு, 4 டச்டவுன். யார்டில் இருவருக்கும் வித்தியாசம் வெறும் 12. கேட்சில் கிட்டத்தட்ட இரு மடங்கு.

ஸ்டாண்டர்டில் ஜாக்சன் 152.9, லாண்ட்ரி 139.7. ஜாக்சன் 13 புள்ளி மேலே. ஹாஃபில் ஜாக்சன் 180.9, லாண்ட்ரி 194.7. இப்போது லாண்ட்ரி 14 புள்ளி மேலே. ஃபுல் பி.பி.ஆரில் ஜாக்சன் 208.9, லாண்ட்ரி 249.7. இடைவெளி 41 புள்ளி. எந்த ஆட்டக்காரரும் மாறவில்லை, பிடித்த ஒரு பந்தும் மாறவில்லை. லீக் விதி மட்டும் மாறியது. நண்பர் ஒருவர் தன் லீகில் லாண்ட்ரி மாதிரி ஆளை நாலாவது ரவுண்டில் எடுத்து ஜெயித்தார் என்றால், அவர் லீக் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

போன வருஷம் எத்தனை கேட்ச் பிடிச்சார்னு பார்த்து எடுத்துடலாமா?

கேட்ச் முடிவு, டார்கெட் காரணம். டார்கெட் என்றால் அவரை நோக்கி எறியப்பட்ட பந்து, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். அடுத்த வருடத்தை ஊகிக்க நான் முதலில் பார்ப்பது டார்கெட். அதைவிட நல்லது டார்கெட் பங்கு: அணி எறியும் நூறு பந்தில் எத்தனை இவருக்கு வருகிறது என்பது. 25க்கு மேல் வந்தால் அணி இவரை நம்பித்தான் பந்தை நகர்த்துகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

2019இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் மைக்கேல் தாமஸ் 149 கேட்ச் பிடித்து ஒரு சீசனுக்கான என்.எஃப்.எல். சாதனையை உடைத்தார். அதற்குப் பின்னால் 185 டார்கெட் இருந்தது. நல்ல கையும் நல்ல ரூட்டும் இருந்தாலும் 90 டார்கெட் மட்டும் பெறுகிறவர் அந்த இடத்துக்கு வரவே முடியாது.

அப்போ டார்கெட் நிறைய இருந்தா போதுமா?

போதாது. எந்த மாதிரி டார்கெட் என்பதும் முக்கியம். லாண்ட்ரியையே பாருங்கள். 2017இல் மயாமியில் 161 டார்கெட், 112 கேட்ச். அந்த வருடம் என்.எஃப்.எல்.லிலேயே அதிக கேட்ச் அவருடையதுதான். 2018இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்குப் போனார். அங்கே 149 டார்கெட் கிடைத்தும் 81 கேட்ச்தான். மயாமியில் பத்தில் ஏழு பந்து கைக்குள் வந்தது, கிளீவ்லாந்தில் பாதியைச் சற்றே தாண்டியது. இன்னும் தள்ளி எறியப்படும் பந்துகளைப் பிடிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள், எறிந்தவரும் பெரும்பாலான ஆட்டங்களில் புதுமுக குவார்ட்டர்பேக்.

யார்டு இரண்டு வருடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 987, 976. ஃபுல் பி.பி.ஆர். புள்ளியோ 264.7இலிருந்து 202.6க்கு இறங்கியது. இழந்த 62 புள்ளியில் பாதி கேட்ச் குறைந்ததால், மீதி ஏறக்குறைய முழுவதும் டச்டவுன் 9இலிருந்து 4க்கு விழுந்ததால். டார்கெட் எண்ணைப் பார்க்கும்போது, அந்தப் பந்து சராசரியாக எத்தனை யார்டு தள்ளி எறியப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொசஷன் ரிசீவருக்கு அது திடீரென்று ஏறினால் கேட்ச் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

ஒரு கேட்சுக்கு 9 யார்டுதான் எடுக்கிறார். இவரை எப்படி நம்புறது?

ஃபுல் பி.பி.ஆரில் 9 யார்டு கேட்ச் ஒன்றுக்கு 1.9 புள்ளி. அப்படி ஏழு பிடித்தால் 13 புள்ளிக்கு மேல், டச்டவுன் இல்லாமலே. அந்தச் சராசரியைக் குறையாகப் பார்க்க வேண்டாம், அவருடைய வேலை அது. இதே ஆட்டத்துக்கு ஸ்டாண்டர்டில் 6.3தான் வரும். அந்த லீகில் உங்கள் தயக்கம் சரி.

டச்டவுனே அடிக்க மாட்டேங்கிறாரே, அதுக்கு என்ன பண்றது?

பொசஷன் ரிசீவரின் டச்டவுன் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஆடும். வெல்கர் பேட்ரியாட்ஸில் 2008இல் 111 கேட்சுக்கு 3 டச்டவுன், 2011இல் 122 கேட்சுக்கு 9. இந்த எண்ணை வைத்து ஒருவரை ஒதுக்குவதும் தவறு, விலை ஏற்றுவதும் தவறு.

இதன் உச்சம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் டியான்டே ஜான்சன். 2021இல் 107 கேட்ச், 8 டச்டவுன். 2022இல் 147 டார்கெட், 86 கேட்ச், 882 யார்டு, டச்டவுன் பூஜ்யம். அவர் ஒரேயடியாக மோசமாகிவிடவில்லை. அந்த வருடம் ஸ்டீலர்ஸ் அணி முழுவதுமே எறிந்து அடித்த டச்டவுன் வெறும் 12. அடுத்த வருடம் 51 கேட்சிலேயே 5 டச்டவுன் அடித்தார். பூஜ்யம் வந்த வருடத்துக்கு அடுத்த டிராஃப்டில் இப்படிப்பட்டவர் மலிவாகக் கிடைப்பார், வாங்கலாம். ஆனால் அணி எதிரணியின் 20 யார்டுக்குள் (ரெட் ஸோன்) எத்தனை முறை போகிறது, போனால் ஓடுகிறதா எறிகிறதா, எறிந்தால் தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் உயரமான டைட் எண்டைத் தேடுகிறதா என்பதையும் பாருங்கள். அணியே கோட்டைத் தாண்டாதபோது இவர் மட்டும் எப்படித் தாண்டுவார்?

எந்த ரவுண்டுல எடுக்கணும்?

ரவுண்டை மட்டும் கேட்டால் பதில் இல்லை. உங்கள் லீகில் எத்தனை அணி, எத்தனை ரிசீவர் இறக்க வேண்டும் என்று சொல்லுங்கள். 12 அணி, ஆளுக்கு 3 ரிசீவர், ஒரு ஃபிளெக்ஸ் (ரிசீவர், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக், டைட் எண்ட் யாரையும் இறக்கலாம்) என்றால் வாரத்துக்குக் குறைந்தது 36 ரிசீவர் இறங்குகிறார்கள். வெய்வரில், அதாவது எந்த அணியும் எடுக்காதவர்களில், மிஞ்சி இருப்பவர்கள் வாரம் 6 புள்ளி எடுத்தாலே பெரிது. அங்கே வாரம் 13 எடுப்பவர் தங்கம். 10 அணி, 2 ரிசீவர் லீகில் 20 பேர்தான் கட்டாயம் இறங்குவார்கள். வாரம் 11, 12 எடுப்பவர்கள் வெய்வரிலேயே கிடப்பார்கள். அங்கே 13க்காக ஐந்தாவது ரவுண்டைச் செலவழிப்பது வீண். அந்த இடத்தில் 20 அடிக்க வாய்ப்புள்ளவரை எடுங்கள்.

சுருங்கச் சொன்னால், லீக் ஆழமாக ஆக பொசஷன் ரிசீவரின் மதிப்பு ஏறும். இதை யோசிக்காமல் பொதுவான ரேங்கிங் பட்டியலை அப்படியே பின்பற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் நஷ்டம்.

குவார்ட்டர்பேக் மாறிட்டா இவர் கதை முடிஞ்சுதா?

தள்ளி ஓடும் ரிசீவரை விட இவர் நன்றாகத் தாங்குவார். குறுகிய பந்தை எறிவதற்கு அசாத்தியக் கை வேண்டாம். கீனன் ஆலன் 2019இல் ஃபிலிப் ரிவர்ஸிடம் 104 கேட்ச் பிடித்தார். ரிவர்ஸ் போய் 2020இல் புதுமுகம் ஜஸ்டின் ஹெர்பர்ட் வந்தார், ஆலன் 14 ஆட்டத்தில் 100 பிடித்தார். மைக்கேல் தாமஸின் 149 கேட்ச் வருடத்திலும் ட்ரூ பிரீஸ் காயமடைந்து ஐந்து ஆட்டங்களை டெடி பிரிட்ஜ்வாட்டர்தான் தொடங்கினார்.

எதிர் உதாரணம் மேலே சொன்ன கிளீவ்லாந்து லாண்ட்ரி. அங்கே எறிபவரோடு சேர்ந்து இவருடைய வேலையும் மாறியது. எறிபவர் மட்டும் மாறினால் அவ்வளவு பயப்பட வேண்டாம்.

டீம் மாறினா?

இதற்குத்தான் நான் பயப்படுவேன். அவருடைய மதிப்பு அணி அவரை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது, அதைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போக முடியாது. கோல்டன் டேட் 2018இல் டெட்ராய்ட் லயன்ஸுக்கு 7 ஆட்டத்தில் 44 கேட்ச், 517 யார்டு, 3 டச்டவுன். சீசன் நடுவே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு டிரேட் ஆனார். அங்கே 8 ஆட்டத்தில் 30 கேட்ச், 278 யார்டு, 1 டச்டவுன். ஃபுல் பி.பி.ஆரில் ஆட்டத்துக்கு 16இலிருந்து 8க்குச் சரி பாதியாக விழுந்தார். ஈகிள்ஸில் அந்தக் குறுகிய பந்துகள் ஏற்கெனவே டைட் எண்ட் ஸாக் எர்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த வருடம் எர்ட்ஸ் பிடித்தது 116.

வெல்கரின் கதை நுட்பமானது. 2012இல் பேட்ரியாட்ஸில் 16 ஆட்டம், 118 கேட்ச், 1,354 யார்டு, 6 டச்டவுன். 2013இல் டென்வர் பிராங்கோஸில் 13 ஆட்டம், 73 கேட்ச், 778 யார்டு, 10 டச்டவுன். ஸ்டாண்டர்டில் ஆட்டத்துக்கு 10.7 இருந்தது 10.6 ஆனது, மாற்றமே இல்லை எனலாம். ஃபுல் பி.பி.ஆரில் 18.1 இருந்தது 16.2 ஆனது. பெய்டன் மானிங் 55 டச்டவுன் எறிந்த வருடம் அது, பந்துகள் பலருக்குப் பிரிந்தன. கேட்ச் குறைந்தது, டச்டவுன் ஈடுகட்டியது. அந்த ஈடு எல்லா வருடமும் வராது என்பதற்கு டச்டவுன் பற்றிய பதிலைப் பாருங்கள்.

முப்பது வயசைத் தாண்டிட்டாரே, எடுக்கலாமா?

வேகத்தை நம்பிப் பிழைப்பவரை விட இவருக்கு ஆயுள் அதிகம். ஃபிட்ஸ்ஜெரால்டை அரிஸோனா கார்டினல்ஸ் உள்ளே நகர்த்தி ஸ்லாட்டில் ஆட வைத்தது. 2015இலிருந்து மூன்று வருடம் தொடர்ந்து 109, 107, 109 கேட்ச். கடைசி 109 பிடித்தபோது வயது 34. அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு வயது பற்றிய பயம் பாதி போய்விடும். ஒரு வருட ரீட்ராஃப்ட் லீகில் வயதுக்காகத் தள்ளுபடி விலையில் கிடைத்தால் தயங்காதீர்கள். ஆட்களைப் பல வருடம் வைத்துக்கொள்ளும் டைனஸ்டி லீகில் மட்டும் விற்கும் நேரத்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

ஆறு வாரமா பொளந்து கட்டுறார். வித்துடவா, வச்சிக்கவா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பேரைக் காட்டுவேன்.

ஆடம் தீலன், 2023, கரோலைனா பேந்தர்ஸ். வயது 33. முதல் வாரம் 2 கேட்ச், 12 யார்டு. அடுத்து 7, 11, 7, 11, 11 கேட்ச். ஆறு வாரத்தில் மொத்தம் 49 கேட்ச், 509 யார்டு, 4 டச்டவுன். ஃபுல் பி.பி.ஆரில் வாரத்துக்கு 20.7. சீசன் முடிந்தபோது அவர் கணக்கு 103 கேட்ச், 1,014 யார்டு, 4 டச்டவுன். கழித்துப் பாருங்கள்: மீதி 11 ஆட்டத்தில் 54 கேட்ச், 505 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை. வாரத்துக்கு 9.5. ஏழாவது வாரம் விற்றவருக்கு லாபம்.

ஏமன்-ரா செயின்ட் பிரவுன், 2021, டெட்ராய்ட் லயன்ஸ். நாலாவது ரவுண்டில் எடுக்கப்பட்ட புதுமுகம், வயது 22. டிசம்பர் 5 அன்று மினசோட்டாவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 11 யார்டு டச்டவுன் பிடித்து லயன்ஸுக்கு அந்த சீசனின் முதல் வெற்றியைக் கொடுத்தார். அவருடைய முதல் டச்டவுனும் அதுதான். அதிலிருந்து கடைசி ஆறு ஆட்டத்தில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 கேட்ச். மொத்தம் 51 கேட்ச், 560 யார்டு, 5 டச்டவுன். டைட் எண்ட் ஹாக்கென்சன், ரன்னிங் பேக் ஸ்விஃப்ட் காயத்தில் இருந்ததால்தான் இது, அவர்கள் திரும்பினால் அடங்கிவிடும் என்றார்கள். இவர் அடங்கவில்லை. 2022இல் 106, 2023இல் 119, 2024இல் 115 கேட்ச்.

ஆறு வார எண்களை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். எண்ணுக்கு வெளியே பாருங்கள். ஒருவர் வளர்ந்துகொண்டிருந்த இளைஞர், சீசன் போகப் போக அணி அவருக்கு வேலையைக் கூட்டிக்கொண்டே போனது. இன்னொருவர் தன் உச்சத்தை வேறு அணியில் முடித்துவிட்டு வந்தவர். சுற்றியிருந்த அணி 17இல் 2 ஆட்டம்தான் ஜெயித்தது, எதிரணிகள் அவரைப் பூட்டினால் பந்தை வேறு யாருக்கு எறிவது என்று அதற்குத் தெரியவில்லை. மூத்தவர், மோசமான அணி, டச்டவுனால் ஊதிய எண்: மூன்றும் சேர்ந்தால் விற்றுவிடுங்கள். வளரும் வயது, ஏறும் டார்கெட் என்றால் ஆறு வாரத்தை ஆரம்பமாக எடுத்துக்கொண்டு பிடித்து வையுங்கள்.

ஞாயித்துக்கிழமை பொசஷன் ஆளை இறக்கவா, பெரிய பிளே அடிக்கிறவரை இறக்கவா?

எதிராளியைப் பாருங்கள். உங்கள் அணி வலுவாக இருந்தால் சறுக்காமல் பார்த்துக்கொண்டாலே போதும், நிச்சயமாக 11, 12 தருபவரை இறக்குங்கள். எதிராளி வலுவானவர் என்றால் 12 எடுத்தாலும் தோற்கத்தான் போகிறீர்கள். 3 எடுக்கலாம், 25ம் எடுக்கலாம் என்றிருப்பவரை இறக்குங்கள். திங்கள் இரவு ஆட்டம் மிச்சமிருந்து 9 புள்ளிதான் தேவை என்றால் யோசிக்கவே வேண்டாம், பொசஷன் ரிசீவர்தான்.

எங்க லீக் பெஸ்ட் பால். அதுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. பெஸ்ட் பாலில் நீங்கள் யாரையும் இறக்குவதில்லை, அந்த வாரம் அதிகம் எடுத்தவர்களைக் கணினியே சேர்த்துக்கொள்ளும். டிஷான் ஜாக்சன் மாதிரி ஆள் 1 புள்ளி எடுத்த வாரம் உங்களைத் தொடாது, 28 எடுத்த வாரம் முழுசாக வரும். சீரான 11க்கு அங்கே மவுசு குறைவு. ஒரு பொசஷன் ரிசீவரையாவது வைத்திருங்கள், மற்றவர்களுக்கு ஆட்டமில்லாத பை வீக்கில் கை கொடுப்பார். நாலு பேரை வைத்திருக்க வேண்டாம்.

ஃபர்ஸ்ட் டவுனுக்குப் புள்ளி தர்ற லீகுல?

ஃபர்ஸ்ட் டவுன் என்றால் தேவையான 10 யார்டை எடுத்து முயற்சிகளைப் புதிதாகத் தொடங்குவது. தேர்ட் டவுனில் தேடப்படுபவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் கேட்ச் புள்ளியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஃபர்ஸ்ட் டவுன் புள்ளி வைத்தார்களா, இரண்டையும் சேர்த்துத் தருகிறார்களா என்று பாருங்கள். பதிலாக வைத்திருந்தால் பிளே தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே பிடித்து 3 யார்டில் விழும் கேட்சுகளுக்கு மதிப்பு போய்விடும். ஒரே 100 கேட்ச் எடுத்த இரண்டு பேரில் யார் ஃபர்ஸ்ட் டவுன் அதிகம் எடுத்தார் என்று தேடி அவரை முன்னே வையுங்கள்.

பொசஷன் ரிசீவர்னு பேர் வாங்கினவர் லீகுலேயே முதல் ஆளா வர முடியுமா? இல்ல எப்பவும் இரண்டாவது ரிசீவர்தானா?

வர முடியும், வந்திருக்கிறார்கள். தாமஸ் 2019இல் 149 கேட்ச், 1,725 யார்டு, 9 டச்டவுன். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் கூப்பர் கப் 2021இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன், மூன்றிலும் என்.எஃப்.எல்.லில் முதலிடம். ஃபுல் பி.பி.ஆரில் 435.7 புள்ளி. கப் பெரும்பாலும் ஸ்லாட்டிலிருந்து ஆடியவர்தான். 191 டார்கெட், அதோடு பிடித்தபின் ஓடி எடுத்த யார்டு, ரெட் ஸோனிலும் அவரையே தேடிய அணி: மூன்றும் ஒரே வருடத்தில் கூடின.

எனவே டிராஃப்டில் அந்தப் பட்டத்தைப் பார்த்து உச்ச வரம்பு போடாதீர்கள். பந்தைப் பிடித்த இடத்திலேயே விழுகிறாரா, பிடித்தபின் ஓடுகிறாரா என்று நாலு ஆட்டத்தின் வீடியோவைப் பாருங்கள். 140 டார்கெட்டுக்கு மேல் கிடைத்து, பிடித்தபின் ஓடவும் தெரிந்து, அணியும் நிறைய டச்டவுன் எறிகிறது என்றால் அவருக்கு நான் இரண்டாவது ரவுண்டையே கொடுப்பேன், ஹாஃப் பி.பி.ஆர். லீகாக இருந்தாலும்.